தனலெட்சுமி அக்காவுக்குக் கேட்காத பக்கம்

செய்தி வந்தபோது நான் ஒரு துப்பாக்கிக் காட்சியை எழுதிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. புதுக்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிடுவேன். அன்றைய காட்சியில் மருமகன் மாமனாரை நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில்தான் சிதம்பரம் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி போயிருச்சுப்பா. காலையில காப்பி போட எந்திரிச்சது, அடுப்படியிலேயே சாஞ்சிருச்சாம்" என்றார். எந்தத் தங்கச்சி என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவர் அப்படி அழைத்த ஒரே ஆள் தனலெட்சுமி அக்காதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சிதம்பரம் அண்ணனின் உரக்கடை மாடியில் கூடி, யூரியா வாசனைக்கு நடுவே படம் பார்த்த நமக்கு அக்காவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பெண் காவலர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத்தருவதில் கழித்தவர். அந்த வேலை அவருடைய இடது காதை வாங்கிக்கொண்டது. வலக்கைக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடும்போது இடது காதுதான் குழலின் வாய்ப்பக்கம் இருக்கும். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சைத் தவிர வேறு காப்பு இல்லை. அதனால் அக்காவோடு பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்கார வேண்டும். முதல் ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்ததுமே நாற்காலிகளை அதற்குத் தோதாக மாற்றிப் போட வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஓடியது ஒரு தமிழ்ப் படம். கதாநாயகன் காருக்குள் உட்கார்ந்தபடி நாலைந்து முறை சுடுகிறான். சுட்டு முடித்த கையோடு பக்கத்தில் இருக்கும் நாயகியின் காதருகே குனிந்து, "பயந்துட்டியா?" என்று கிசுகிசுக்கிறான். அவள் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டுகிறாள். நாங்கள் எல்லோரும் உருகிப்போய் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏன்யா, கதவச் சாத்துன காருக்குள்ள வெடிச்சிருக்கு. அந்தப் புள்ளைக்கு இந்நேரம் காதுக்குள்ள கொய்ங்குனு கத்திக்கிட்டு இருக்கும். அவன் சொல்றது எங்கிட்டுக் கேக்கப்போவுது?" என்றார். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் அந்தக் கிசுகிசுப்பு வந்தால் மாடியே "கேக்காது!" என்று கத்தும்.

என் தொடர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒரு தொடரில் வில்லன் ஒவ்வொரு வசனத்துக்கும் கைத்துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விடுவான். சடக் என்று சத்தம் வரும். ஒளிபரப்பு முடியுமுன்பே அக்காவின் போன் வந்துவிட்டது. "தம்பி, முத வாட்டி இழுத்தான், சரி, தோட்டா உள்ள ஏறிருச்சு. அப்பறமும் இழுத்துக்கிட்டே இருக்கானே, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா சுடாமலே வெளியில விழுமே! இந்நேரம் அவன் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டுல்ல இருக்கணும்?" அந்தச் சத்தம் இருந்தால்தான் ஜனங்களுக்குப் பயம் வரும் என்று சமாளித்தேன். "எனக்குப் பயம் வரல. அவன் வீணாக்குறதப் பாத்து வயிறு எரியுது" என்றார். வேலை பார்த்த காலம் முழுக்கச் சுட்ட தோட்டாவுக்கெல்லாம் வெற்றுக்கூட்டைப் பொறுக்கிக் கணக்குக் காட்டியவர் அவர். எரியாமல் என்ன செய்யும்?

இப்படிச் சொல்வதால் அவர் நொட்டை சொல்லவே படம் பார்த்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குண்டு பாய்ந்த அண்ணன், தம்பியின் மடியில் தலை வைத்து, தங்கை கல்யாணம், அம்மாவின் மருந்து என்று எல்லாவற்றையும் விலாவாரியாகப் பேசி முடித்துவிட்டுக் கண்ணை மூடுகிற காட்சி வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "அக்கா, நெஞ்சுல குண்டு வாங்குனவன் இவ்வளவு பேசுவானா?" என்று ஒருமுறை சீண்டினேன். "பேச மாட்டான். மூச்சுக்கே திண்டாடுவான். அது தெரியும். ஆனா அழுக வருதே, அதுக்கு என்ன செய்ய?" என்றார். எனக்கு அக்காவை மிகவும் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

நம் கூட்டத்துக்குச் சொந்தமாகக் குறும்படம் எடுக்கும் ஆசை வந்தது நினைவிருக்கும். பங்காளிச் சண்டைக் கதை. அண்ணனாகச் சிதம்பரம் அண்ணன், அவர் கையால் சுடப்பட்டுச் சாகும் தம்பியாக நான். கொடும்பாளூர்ப் பக்கம் அண்ணனின் கடலைக்கொல்லையில், மோட்டார் அறைக்கு முன்னால் படப்பிடிப்பு. துப்பாக்கியும் அண்ணனுடையதே. பயிரைக் காக்க உரிமம் வாங்கிய, அவர் அப்பா காலத்து ஒற்றைக்குழல். தேர்தல் கால வழக்கம் தெரியும்தானே? தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் போன துப்பாக்கி முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வந்த துப்பாக்கியில் தோட்டா எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அண்ணன் என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஒருமுறை விசையை இழுத்து ஒத்திகையே பார்த்துவிட்டார். டிக் என்றது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடலைச் செடிகளின் மேல் விழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டாவது ஒத்திகையின்போது எலுமிச்சம்பழச் சாதத்தோடு அக்கா வந்து சேர்ந்தார். தூக்குவாளியை வரப்பிலேயே வைத்துவிட்டு, "அண்ணே, அத மொதல்ல கீழ எறக்குங்க" என்றார்.

"அட, ஸ்டேஷன்லேருந்து நேத்துத்தானம்மா வந்துச்சு. அதுல என்ன இருக்கப்போவுது?"

"தொறந்து காட்டுங்க."

"எங்க அப்பாரு துப்பாக்கி. எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியும்ணே. எனக்குக் காட்டுங்க."

அண்ணன் குழலை மடக்கித் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "காலின்னு இப்பத்தான் தெரியுது. தம்பி நெஞ்சுக்கு நேரா புடிச்சப்பத் தெரியல. நிசத் துப்பாக்கிய வச்சுப் படம் எடுக்குறதா இருந்தா நான் வரல" என்றார். சிதம்பரம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கொல்லையில், தன் ஆட்களுக்கு முன்னால் தன்னைக் கொலைகாரன் போலப் பேசிவிட்டாள் என்று பொருமிக்கொண்டே உறைக்குள் துப்பாக்கியைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு படம் நின்றது. அண்ணன் கடை மாடிக்கு அக்கா வரவில்லை. அக்கா வராத மாடியில் "கேக்காது!" என்று கத்த யாருக்கும் வாய் வரவில்லை. பேசிப் பார்க்கலாம் என்று போனால் இருவரும் ஒரே மாதிரி பேச்சை மாற்றினார்கள். இத்தனை நாள் அண்ணன் தங்கையாக இருந்தவர்கள் ஒரு காலித் துப்பாக்கிக்காகப் பிரிந்துபோனார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அக்கா கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. ஒருநாள் நான் அக்கா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சிதம்பரம் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். அக்காவுக்கு இடப்பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்கே பாதிதான் கேட்டது. அக்கா திரும்பி, "இங்கிட்டு வந்து சொல்லுங்கண்ணே" என்றார். அண்ணன் எழுந்து வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன்ல குடுக்கணும்னு துப்பாக்கிய எடுத்தேன். ஒன் ஞாபகம் வந்துச்சு. தொறந்து பாத்தேன். உள்ள தோட்டா இருந்துச்சும்மா. பன்னி வெரட்டப் போட்டது, சுத்தமா மறந்துட்டேன். துபாயிலேருந்து வந்த மாப்ள முந்தாநாள்தான் அத எடுத்து, குழலத் தாடையில சாச்சுக்கிட்டு, சினிமா போஸ்டர் கணக்கா போட்டோவுக்கு நின்னாரு. எம் மகதான் எடுத்தா. நானும் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா எழுந்தார். உள்ளே போய் அவருக்கும் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தார். "தொறந்து பாத்தீங்கள்ல. அது போதும்ணே" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குச் சொன்னேனே என்று அவர் ஆரம்பித்திருந்தால் அண்ணன் அங்கேயே உடைந்திருப்பார். அடுத்த ஞாயிறு அக்காவின் நாற்காலியை அண்ணனே துடைத்துப் போட்டார். அதற்குப் பிறகு துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனாலும் வந்தாலும் அவரிடமிருந்து அக்காவுக்கு ஒரு போன் போகும். "தொறந்து பாத்துட்டேன், தங்கச்சி."

குறும்படத்தையும் முடித்தோம். துப்பாக்கியைக் காட்டவே இல்லை. அண்ணன் மோட்டார் அறைக்குள் நுழைகிறார், கதவைச் சாத்துகிறார், வெடிச் சத்தம். கோயில் திருவிழாவில் போட்ட வேட்டுச் சத்தத்தைப் பதிவுசெய்து அதற்கு வைத்துக்கொண்டோம். அதன் பிறகு என்ன சத்தம் சேர்ப்பது என்று அக்காவைக் கேட்டேன். "ஒண்ணும் சேக்காத. கொஞ்ச நேரம் யாருக்கும் ஒண்ணும் கேக்காது. அதான் நெசம்" என்றார். அப்படியே விட்டோம். மாடியில் முதல்முறை திரையிட்டபோது ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் ஓடிப்போய் வயரை ஆட்டிப் பார்த்தார். அக்கா விரலை மடித்து விசிலடித்தார்.

அந்த இரவு படி இறங்கும்போது, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். "மக கைக்கொழந்தையா இருக்கும்போது எடது தோள்ல போட்டா அவ சிணுங்குறது எனக்குக் கேக்காது. அதனால வலது தோள்லயே போட்டு வளத்தேன். இன்னைக்கும் அவ என் வலது பக்கந்தான் வந்து ஒட்டுவா." வருத்தமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பதைப் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் ஊர் குடுமியான்மலைக்குப் பக்கம். அங்குதான் கொண்டுபோனோம். மகள் அக்காவின் வலது தோளருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சிதம்பரம் அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு நகராமல் நின்றார். பிறகு சுற்றி நடந்து அந்தப் பக்கம் வந்து, மகளுக்கு அருகில் குனிந்து, அக்காவின் காதோரம் சொன்னார். "நேத்துத்தாம்மா துப்பாக்கி திரும்பி வந்துச்சு. தொறந்து பாத்துட்டேன். ஒங்கிட்டச் சொல்ல சாயங்காலம் கூப்புடலாம்னு இருந்தேன்." அதுவரை திடமாக நின்றிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

பாதியில் விட்ட காட்சியைக் காரியம் முடிந்த பிறகுதான் எழுதி அனுப்பினேன். இயக்குநர் போன் செய்தார். "சார், மருமகன் சுட்டதும் 'சிறிது நேரம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அந்த எடத்துல சோக மியூசிக் போட்டுக்கவா?"

வேண்டாம் என்றேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்பது ஒளிபரப்பானால்தான் தெரியும். எப்படியானாலும் இனி நான் எழுதும் ஒவ்வொரு துப்பாக்கிக்குப் பின்னாலும் அந்த வரி இருக்கும். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. போன ஞாயிறு மாடியில் அவருடைய நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. நான் அதற்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.