அவள் பங்கு வசனம்

என் மனைவிக்குப் பேச்சு நின்றுபோன பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சத்தமே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அது முழு உண்மையில்லை. நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஃபாக்டரியில் ரோலிங் மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். ரகசியம் சொன்னாலும் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனாலும் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் சத்தம் என்றால் என் மனைவியின் சத்தம்தான். இந்த மலையில் நின்று அவள் கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்காக என்று சூப்பர்வைசர் எடையைக் கூடுதலாகக் கழித்தால் விடமாட்டாள். "மழை என்ன எங்க கொழுந்து மேல மட்டுமா பெய்யுது சார்? ஒங்க தலையும்தான் நனஞ்சிருக்கு. அதையும் கழிச்சிப் பாருங்க" என்பாள். அந்த ஆள் வெயில் காலத்தில்கூட அவளைப் பார்த்தால் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாவது வாரம், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கத்திரியைக் கையில் பிடித்தபடி அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிதான் இருபத்திரண்டு வருடமாக அவளுக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுப்பவள். "மூணு தடவ கூப்பிட்டேன் அண்ணே. கூப்பிட்டா பதில் சொல்லாத பொம்பளயா அவ? அப்பவே எனக்கு வெளங்கிருச்சி" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். எஸ்டேட் ஜீப்பில் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தளர்ந்திருந்தது, வலது கால் இழுத்தது, பேச்சு ஒரு சொல்கூட இல்லை. புத்தியெல்லாம் தெளிவாக இருந்தது. நான் வைத்த குழம்பை வாயில் வைத்ததும் அவள் பார்க்கிற பார்வையிலேயே அது தெரிந்தது.

பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். அவர் இன்னும் நிறையச் சொன்னார். என் காதில் ஆறு மாதம் என்பது மட்டும்தான் விழுந்தது.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நோயாளி இருக்கிற கிறிஸ்தவ வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு வசனமும் கொண்டுவருவார்கள். பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. வசனங்கள் எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று ஒருவர், பொன் நெருப்பில்தான் சுத்தமாகும் என்று ஒருவர். இவள் என்ன பொன்னா? ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை. அவளைச் சுத்தப்படுத்த யார் கேட்டார்கள் என்று எனக்குள் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

எங்கள் கோவிலில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். வேதப்புத்தகத்துச் சங்கீதம் வாசிக்கும்போது ஒரு வசனம் ஆண்கள், அடுத்த வசனம் பெண்கள் என்று மாற்றி மாற்றி வாசிப்போம். பெண்கள் பக்கத்துக்குத் தலைமை என் மனைவியின் குரல்தான். அவள் ஒரு வாரம் வராவிட்டால் பெண்கள் பக்கம் உபவாசம் இருப்பதுபோல இருக்கிறது என்று உபதேசியார் கேலி செய்வார். வீட்டிலும் அதே வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து சாயங்கால ஜெபத்தில் நான் ஒரு வசனம், அவள் ஒரு வசனம். சண்டை போட்டு மூன்று நாள் முகம் பார்க்காமல் இருந்த காலத்திலும் ஜெபம் தவறியதில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் வாசலைப் பார்த்துக்கொண்டு, மாற்றி மாற்றி வாசித்து முடித்து, ஆமென் சொல்லிவிட்டு மறுபடி பேசாமல் இருப்போம்.

இப்போது இரண்டு வசனத்தையும் நானே வாசித்தேன். என் பங்கை முடித்ததும் மூச்சுக்கூட விடாமல் அவள் பங்குக்குத் தாவிவிடுவேன். நடுவில் நிறுத்தினால் அவளால் வாசிக்க முடியவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடுமே என்ற பயம். அவளுக்குத் தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன், சேலை கட்டிவிடக்கூடப் பழகினேன். வசனமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

கட்டப்பனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலையாளிப் பெண் ஒருத்தியிடம் மாதம் இரண்டு முறை போனோம். சின்னப் பெண், நல்ல பொறுமை. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எந்தா சேச்சி?" என்று கேட்பாள். என் மனைவி உதட்டைக் கூட்டி முயற்சி செய்வாள். நான் "குடை" என்பேன். அடுத்த அட்டைக்கு "பசு" என்பேன். மூன்றாவது அட்டையை அந்தப் பெண் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "பரீட்ச சேட்டனல்ல, சேச்சிக்கா" என்றாள். பரீட்சை எனக்கில்லை, அவளுக்கு என்று. நானும் சிரித்தேன். ஆனால் திருந்தவில்லை.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நாலு பேர் கொண்ட ஜெபக்குழு ஒன்று டவுனிலிருந்து வந்தது. எங்கள் சபைக்காரர்கள் இல்லை. யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். கடைசியில் அவர்களில் தலைவராக வந்தவர் என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, நாவு கட்டப்பட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், இந்த நாவால் யாரையாவது நோகப் பேசியிருந்தால் மனசுக்குள் அறிக்கையிடுங்கள் அம்மா என்றார். என் மனைவியின் கண்ணில் நீர் கட்டியது. அவள் யாரையெல்லாம் பேசினாள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"எந்திரிங்க" என்றேன்.

"பிரதர், கோபப்படாதீங்க…"

"பிரதரும் கெடையாது, சிஸ்டரும் கெடையாது. செருப்பு வெளிய கெடக்கு, மாட்டிட்டுக் கெளம்புங்க."

போனார்கள். ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போனார். அதையும் முற்றத்தில் வீசினேன். ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தேன். அவர்கள் போய்விட்டார்கள், கோபம் போகவில்லை. உண்மையில் அது அவர்கள்மேல் வந்த கோபமே இல்லை. ஐந்து மாதமாக யார்மேல் கோபம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், சொல்லத்தான் பயம். அன்றைக்குப் பயம் விட்டுப்போயிற்று. வேதப்புத்தகத்தை எடுத்தேன், ஜெபிப்பதற்கு அல்ல, சண்டைக்கு. அவரை நேருக்கு நேர் கேட்பதற்கு அவர் புத்தகத்திலேயே வார்த்தை இருக்கிறதா பார்ப்போம் என்று சங்கீதத்தைப் புரட்டினேன். இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. முப்பது வருடமாக இவற்றைத்தான் கோவிலில் ராகம் போட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன். எழுதியவன் எவ்வளவு நொந்துபோய் எழுதியிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆறே வசனம் உள்ள சின்னச் சங்கீதம் ஒன்று. என்னை மறந்துவிட்டீரா, இன்னும் எவ்வளவு காலம் முகத்தை மறைப்பீர் என்று தொடக்கத்திலேயே சட்டையைப் பிடிக்கிற சங்கீதம். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கும். வீட்டு நடுவில் நின்று, தகரக் கூரையைப் பார்த்து, முதல் வசனத்தைக் கத்தினேன். அதை வாசிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வழக்கப்படி அடுத்த வசனத்துக்குத் தாவியிருப்பேன். அன்றைக்குத் தாவவில்லை. கேள்வி கேட்டாயிற்று, பதில் சொல்லட்டும் என்று பிடிவாதம். புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை.

"எ…து…"

இருமல் என்று நினைத்தேன்.

"எது…வரை…"

திரும்பினேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சண்டை நாட்களில் பார்ப்பாளே, அதே போல. வாய் ஒரு பக்கம் கோணியது. "எதுவரைக்கும்" என்றாள். பிறகு இரண்டாவது வசனம், பெண்கள் பங்கு, ஒவ்வொரு சொல்லாக வந்தது. சிலவற்றை விழுங்கினாள், சிலவற்றில் தடுக்கினாள், ஆனால் வரிசை மாறவில்லை. வசனம் முடிகிற இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உங்கள் முறை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். பாடமாகத் தெரிந்ததால் மூன்றாவதைச் சொன்னேன். அவள் நான்காவதைச் சொன்னாள். நான் ஐந்தாவது. அழுகையில் தொடங்குகிற அந்தச் சங்கீதம், கர்த்தர் நன்மை செய்தார், அவரைப் பாடுவேன் என்று ஆறாவது வசனத்தில் முடியும். அது பெண்கள் பங்கு. அவள் அதில் பாதிவரை வந்தாள். கடைசிச் சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. "பா… பா…" என்றாள். முடியவில்லை. ஆனாலும் அவள் முகத்தில் ஐந்து மாதம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

"யாரு பேசுனது? அவ சத்தமாவுல்ல கேட்டுச்சி!"

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள், முருகா என்றாள், பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "நாலு மாசமா செவுத்துக்கு அங்கிட்டு இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ரெண்டு பேரு வசனத்தையும் நீங்களே சொல்லிட்டா அவ எங்கிட்டு அண்ணே பேசுவா? மூச்சு விடவாச்சும் எடங் குடுத்தீகளா?"

கடவுள் பேசவில்லை என்று சண்டைக்குப் போனவன், என் வீட்டில் வேறு யாரையும் பேச விடாமல் நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அது குத்தியது. குத்தியதற்கு மேல் சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமில்லாமல் சொல்கிறேன், துள்ளிக் குதிக்கிற சந்தோஷம்.

கட்டப்பனைப் பெண் ஆச்சரியப்படவில்லை. வருடக்கணக்காக வாயில் பழகியது வேறு வழியாக வரும், அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களையும் கூட்டிவரலாம் என்றாள். "சேட்டன் பாதி பறஞ்ஞிட்டு நிர்த்தணும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். பாதி சொல்லிவிட்டு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ரோலிங் மெஷின் பக்கத்தில் நின்ற எவனிடமாவது கேட்டுப் பாருங்கள். இருந்தாலும் பழகினேன். தினமும் காலை, மாலை இரண்டு வேளை சங்கீதம். அவளுக்குப் பிடித்தது அந்தச் சண்டைக்காரச் சங்கீதங்கள்தான். ஆறுதல் வசனம் வந்தால் கையால் தள்ளிவிடுவாள்.

வசனத்துக்கு வெளியே அவள் சொன்ன முதல் வார்த்தை இரண்டு வாரம் கழித்து வந்தது. மத்திக் குழம்பு வைத்து ஊட்டினேன். மென்றாள், விழுங்கினாள், என்னைப் பார்த்தாள். "உப்பு" என்றாள். நான் காத்திருந்தேன். "கூட" என்றாள். அந்தக் குழம்பு முழுவதையும் அழுதுகொண்டே நான் ஒருவனே தின்று தீர்த்தேன். உப்பு கூடத்தான்.

ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பரில், கோவிலுக்குப் போகலாம் என்று அவளே கையைக் காட்டினாள். ஒரு கையில் கம்பு, இன்னொரு கை என் தோளில். படிகளில் ஏற அரைமணி நேரம் ஆயிற்று. உபதேசியாரிடம் அந்தச் சங்கீதத்தை வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"இந்த வாரத்துச் சங்கீதம் அது இல்லியே" என்றார். பிறகு படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். உள்ளே போய், பலகையில் மாட்டியிருந்த எண்ணைக் கழற்றி வேறு எண் மாட்டினார்.

அவளைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் வந்தேன். கடைசிப் பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரி பழனியில் மொட்டை போட்ட தலைக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் அவள் கடவுளிடம் சண்டை போட்டிருக்கிறாள் போல.

ஆண்கள் முதல் வசனம் வாசித்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். பெண்கள் இரண்டாவதை வாசிக்க, அவர்கள் குரலுக்குப் பின்னால், அரை வரி தாமதமாக, அவள் குரல் வந்தது. நான்காவது வசனத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் அவளுக்காக வேகத்தைக் குறைத்தது. நாங்கள் ஐந்தாவதை முடித்தோம். அவர்கள் ஆறாவதை முடித்தார்கள். புத்தகங்களை மூடுகிற சத்தம் கேட்டது. அவள் மட்டும் இன்னும் முடிக்கவில்லை.

உபதேசியார் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"பா…" என்றாள். "பா…"

அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்றது. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

"பாடுவேன்" என்றாள், அடுத்த மலைக்குக் கேட்கிற அதே பழைய சத்தத்தில்.