கரண்ட் வரட்டும் என்றேன்

என் கணவருக்குத் தொண்டையில் கட்டி. சாமைக் கஞ்சியை மத்தால் கடைந்து கொடுப்பேன். ஒரு திப்பி தட்டினாலும் துடித்துப்போவார். எண்பதுகளின் கடைசியில் என் தம்பி பெங்களூரிலிருந்து, பாத்திரத்துக்குள்ளேயே விட்டு கரண்டில் அரைக்கும் கை மிக்சி ஒன்று வாங்கிவந்தான். கஞ்சி பால்போல இறங்கியது. மத்தை ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஒருநாள் காலையிலிருந்தே எங்கள் மலையூரான புதூர்நாட்டில் கரண்ட் இல்லை.

"பசிக்குது. மத்துலயே கடைஞ்சி குடு" என்றார்.

"அது குத்தும். கொஞ்சம் இருங்க, கரண்ட் வந்துடும்" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. வெந்த கஞ்சியோடு, கரண்டை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கையில் பல்பு எரிந்தது. அவசர அவசரமாக அரைத்து, டம்ளரோடு போனேன். அவர் உயிர் போயிருந்தது.

மத்து அத்தனை நேரமும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.