நான் பிடுங்கிப் போட்ட சம்பு

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் பத்து மாடு வைத்திருந்தோம். கட்டுத்தரை கழுவிய தண்ணீர் தேங்கி நாறிக் கிடக்கும். விவசாய அதிகாரி ஒருவர் வந்து, நீளமாகக் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, சம்பு என்கிற நீர்க்கோரையும் கல்வாழையும் நட வைத்தார். சாணித் தண்ணீர் அந்த வேர்களுக்குள் ஊர்ந்து, மறுமுனையில் தெளிந்து வந்தது. கீழ்ப்பக்கம் குத்தகைக்குக் கீரை போட்டிருந்த பெண்ணுக்கு அதுதான் பாசனம். முன்பு எங்களிடம் கூலிக்கு வந்தவள். அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கீரையை நம்பித்தான்.

எனக்குச் சுத்தம் என்றால் ஒரு பைத்தியம். தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வாசலுக்கு நேரே ஆள் உயரம் நின்ற சம்பு கண்ணை உறுத்தியது. "ஊட்டுக்கு முன்னால என்ன புதரு? வாரவங்க என்ன நெனைப்பாங்க?" என்று ஆள் விட்டு, கல்வாழையோடு சேர்த்து ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டேன். ஜல்லி பளிச்சென்று தெரிந்தது. ஒரே பெருமை எனக்கு.

பத்து நாளில் அவள் வந்து நின்றாள். "ஏனுங்க அம்மணி, தண்ணி நாத்தமடிக்குதுங்க. கீரையெல்லாம் கருகிப்போச்சுங்க."

"சும்மா வர்ற தண்ணிக்கு நொட்டை சொல்ல வந்துட்டயா? உனக்குக் கீரை போடத் தெரியல, போ" என்று விரட்டினேன். பாவி நான்! கீழே இறங்கிப் போய் ஒரு எட்டுப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் அந்த அதிகாரி வந்தார். வெறும் ஜல்லியைப் பார்த்ததும் கத்திவிட்டார். "செடி எங்கம்மா? அதுதானே தண்ணியச் சுத்தம் பண்ணுது! யாரு புடுங்கினது?"

அவர் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வரப்பில் நின்றிருந்த அவள் முந்திக்கொண்டாள். "மாடு அவுத்துட்டு வந்து மேஞ்சுபோட்டுதுங்க சார்."

"ஆமாங்க சார்" என்று நானும் தலையாட்டினேன். வெட்கங்கெட்டுப்போய்!

கீரை கருகிப்போனவளே என்னைக் காப்பாற்றிவிட்டாளே, என்ன பெரிய மனசு என்று உருகிப்போனேன். அவர் வண்டி கிளம்பியதும் அவள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்: "சம்பு நானே குளத்திலிருந்து கொண்டாந்து நட்டுப்போடறனுங்க. கோவத்துல தண்ணிய மட்டும் நிறுத்திப்போடாதீங்க அம்மணி."

அது பெரிய மனசில்லை, பயம்! சொன்னபடியே அவள் நட்டாள், தண்ணீரும் தெளிந்தது. ஆனால், தன் வயிற்றில் அடித்த எனக்காகவே பொய் சொல்லும்படி ஒருத்தியை நடுங்க வைத்திருந்தேனே என்பதை நினைத்தால், இன்றைக்கும் கூனிக் குறுகிப்போகிறேன்.