அம்மா வைத்த பொட்டு

அந்த ஓவியத்தை முதன்முதலாகப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்த ஒரே சொல் "அடேங்கப்பா". திண்டிவனத்தில் மூன்று வருடம் வரலாறு படித்தவன் நான். சுவரோவியம் பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவன். அந்தப் பதிலில் ஒரு வரிகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்துச் சிறு குன்றின் மேல் ஒரு பழைய கோயில். அதன் பக்கவாட்டு அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தேவி நிற்கிறாள். உடம்பில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது முகமும் பூவை ஏந்திய ஒரு கையும்தான். வரைந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். புருவத்தின் கோடு வாலில் வந்து மெலிந்து முடியும் இடத்தில், அதை இழுத்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரியும். நானும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

முகத்தைச் சுற்றிலும் கீறல்கள். அம்பு பாய்ந்த இதயங்கள், பெயர்கள், கழுத்தருகே ஒருவனுடைய செல்போன் நம்பர். இவற்றையெல்லாம் படம் பிடித்து, அளந்து, பதிவேட்டில் எழுதும் வேலை எனக்கு. மூன்று மாத ஒப்பந்தம். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். ஒவ்வொரு சேதத்துக்கும் நான்கு கட்டம்: எங்கே, எவ்வளவு, எதனால், யாரால். கடைசிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதிவந்தேன். எட்டாம் வகுப்பில் சுற்றுலா போனபோது காம்பஸ் முனையால் ஒரு கோட்டைச் சுவரில் என் பெயரைக் கீறியவன் நான். அதை எவரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

ஓவியத்தைச் சுத்தம் செய்யச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வருவார். ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ வெளிநாட்டுக் கேலரியில், பெரிய ஓவியம் ஒன்றின் மேல் ஏதோ போராட்டத்துக்காக ஒரு பெண் சூப்பை வீசி அடிக்கிறாள். ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

கோயில் காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம அம்மனுக்குக் கண்ணாடி இல்ல மேடம். நான்தான் கண்ணாடி. என்னத் தாண்டி எவன் வருவான்?" என்றார்.

மறுநாள் என் அம்மா வந்தாள்.

முந்தின நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ராத்திரி முழுக்க இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகக் குன்றேறி வந்துவிட்டாள். மடியில் குங்குமப் பொட்டலம், கையில் மாங்காய்ப் பத்தை, வாயில் வெற்றிலை. "நீ இன்னா வேல செய்றேன்னு பாத்துக்கினு போறேன்டா" என்றாள். வெளியாட்களை அறைக்குள் விடக் கூடாது என்பது விதி. நான்தான் உள்ளே அழைத்துப் போனேன். காவல்காரரும், "உன் ஆத்தாவ நான் தடுக்க முடியுமா" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா ஓவியத்தைப் பார்த்த மாத்திரத்தில் கை கூப்பினாள். கேமரா பேட்டரி மாற்ற நான் வெளியே போய்வந்தது இரண்டே நிமிடம்.

திரும்பி வந்தபோது தேவியின் நெற்றியில் நனைந்த குங்குமம். கோயிலில் விளக்கேற்றி மிஞ்சிய எண்ணெயில் குழைத்திருக்கிறாள். அதில் ஒரு சொட்டு வழிந்து, மூக்கோரமாக இறங்கி, இடது கண்ணுக்குள் நின்றிருந்தது.

"தாலி கட்டிக்கினவ நெத்தி வெறுமனே இருக்குதேடா" என்றாள் அம்மா. "இப்பப் பாரு, மொகத்துக்கே களை வந்துட்ச்சி."

"மேடம்!" என்று வெளியே பார்த்துக் கத்தினேன்.

"போச்சுடா, பேஜாரு!" காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரான் புள்ள கிறுக்குனா நோட்டுல எழுதுவ. இப்போ உன் ஆத்தாவ எழுதுவியா?"

மேடம் ஓடிவந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். உலர்ந்த பஞ்சால் எண்ணெயை ஒற்றி எடுத்தார். பிறகு ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, கண்ணின் ஓரத்தில் ஒருதரம் உருட்டினார். பஞ்சில் குங்குமத்தோடு கொஞ்சம் கருப்பும் வந்தது. பழைய மை. ஆயிரம் வருடத்து மை.

"தண்ணி வேணாம்" என்று கையை எடுத்துவிட்டார். "இப்படியே விட்டா கறை உள்ள இறங்கிடும். தண்ணியில தொட்டா கண்ணே வந்துடும்."

புதுப் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்தார். அதை வாயில் வைத்து நனைத்தார்.

"ஐயையோ, எச்சி!" அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள். "ஏம்மா, சாமி மொகத்துலயா?"

"தண்ணிய விட இது மெதுவா வேல செய்யும்மா. எண்ணெயக் கரைக்கும், பெயிண்ட்ட விட்டுடும். நாங்க எப்பவும் செய்றதுதான்."

அம்மா கையை விடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஓவியத்தைப் பார்த்தாள். கண்ணில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"வாயக் கொப்புளிச்சிட்டுச் செய்யி" என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை. வெளியே போய் மூன்றுமுறை கொப்புளித்துவிட்டு வந்தார்.

ஒரு பஞ்சுக்கு ஓர் உருட்டு. ஒரு நெல்லளவு இடம்கூட இருக்காது. கறை வந்தது, மை வரவில்லை. பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. முப்பது பஞ்சுக்கு மேல் மேடத்துக்கு வாய் வறண்டுவிட்டது. தண்ணீர் குடித்தும் ஊறவில்லை. என்னைச் செய்யச் சொன்னார். பயத்தில் என் வாய் அவர் வாயைவிடக் காய்ந்து கிடந்தது.

அம்மா யோசித்தாள். மாங்காய்ப் பத்தைப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்த்தூள் தெரிகிற மாதிரி எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "தின்னாதீங்க. பாத்துக்கினே இருங்க."

காவல்காரருக்கே எச்சில் ஊறியது; விழுங்கிக்கொண்டார். "சாமி கும்பிடப் போனாலும் உன் ஆத்தாளுக்கு ஊறுகா கெடச்சுடும்டா" என்றார்.

"நீ வாய மூடு, ஈ பூந்துடப் போவுது" என்றாள் அம்மா. மாங்காயைப் பிடித்த கை அசையவில்லை. கை வலித்தபோது மாற்றிப் பிடித்தாள்.

அப்படித்தான் மதியம்வரை போயிற்று. கன்னத்துக் கோடு போனது. மூக்கோரம் போனது. கடைசியில் கண். மேடம் மூச்சுவிடாமல் உருட்டினார். குங்குமத்தோடு, பல நூறு வருட விளக்குப் புகையும் அந்த இடத்தில் மட்டும் கரைந்து வந்தது. பஞ்சு விலகியதும் நாங்கள் நால்வரும் கிட்டே நெருங்கிப் பார்த்தோம். கடைக்கண்ணில், வெள்ளையின் ஓரத்தில், மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. குங்குமம் இல்லை. வரைந்தவர் வைத்தது. அழுது முடித்தவளின் கண்ணிலோ, நெடுநேரம் விழித்திருந்தவளின் கண்ணிலோ இருக்குமே, அந்தச் சிவப்பு. இரண்டு மாதமாக அந்த முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

"ரா முழுக்கத் தூங்கல போல" என்று முணுமுணுத்தாள் அம்மா. அவளும் தூங்கியிருக்கவில்லை.

நெற்றியில் பழைய வண்ணம் முன்பே உதிர்ந்து, வெறும் சுண்ணாம்புதான் இருந்தது. அங்கே குங்குமம் உள்ளே ஊறிவிட்டது. எவ்வளவு உருட்டியும் மிளகளவு ரோஸ் நிறம் மிச்சம் நின்றது. மேலும் தொட்டால் சுண்ணாம்பு பெயரும் என்று மேடம் நிறுத்திக்கொண்டார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். எங்கே: நெற்றி, இடது கண். எவ்வளவு: அளந்து எழுதினேன். எதனால்: எண்ணெயில் குழைத்த குங்குமம். யாரால்: பேனா நின்றது. பிறகு, 'என் அம்மா. உள்ளே அழைத்து வந்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. வாசல்ல கயிறு கட்டணும்" என்றார்.

"இன்னாடா எழுதின?" என்றாள் அம்மா. படித்துக் காட்டினேன். மறுப்பாள் என்று நினைத்தேன்.

"செரிதான்" என்றாள். வாசலுக்குப் போய், அங்கிருந்தே திரும்பி ஓவியத்தைப் பார்த்தாள். இந்தமுறை கிட்டே வரவில்லை. "நெத்தியில அந்தத் துளி மட்டும் அவளே வெச்சிக்கினா, பாரு" என்றாள். மாங்காயை என் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கினாள்.