குறுக்கிய அரைஞாண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கூலிக்குத் தறி ஓட்டி, சங்கரன்கோவிலில் சொந்தமாக விசைத்தறிக் கூடம் போட்டேன். யார் தயவிலும் வளராததால் யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லை. என் அண்ணனின் மச்சினன்மார் இருவருக்கும் என்னைப் பிடிக்காமல் போனது அதனால்தான். எனக்கு அவர்களைப் பிடிக்காமல் போனதற்குக் காரணங்கள் ஏராளம்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்கு இரைப்பையில் புற்று. மதுரையில் அறுத்துப் பார்த்து, பரவிவிட்டது என்று தைத்து அனுப்பிவிட்டார்கள். மச்சினன்மார் விட்டார்களா? அம்பாசடரில் போட்டு ஊர் ஊராக இழுத்தார்கள். காரில் ஏற்றும்போதெல்லாம் அண்ணன் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

அண்ணன் இடுப்பில் வாலிப வயதிலிருந்தே ஒரு வெள்ளி அரைஞாண் கிடந்தது. அது தொடைக்கு நழுவ ஆரம்பித்தது. கண்ணுள்ளவனுக்கு அது போதும். பெரிய மச்சினன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஆசாரியிடம் கொடுத்து அரைஞாணைக் குறுக்கி மாட்டிவிட்டான்.

"பாருங்க, இடுப்புல கச்சிதமா நிக்கு. அத்தானுக்கு உடம்பு தேறிட்டு" என்று பார்க்க வந்தவர்களிடம் காட்டினான். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த கூட்டமும் தலையாட்டியது!

அடுத்து மெட்ராஸில் இன்னொரு ஆபரேஷன் என்று காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் மறித்தேன்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கேன். வாற ஆடித்தபசுத் திருநாளுக்கு அண்ணன் நம்மகூட இல்லன்னு வையும். உங்கள்ல யாருக்கு வே அது அதிசயமா இருக்கும்?"

"நல்ல வார்த்தையே வராதா மச்சான்? அத்தான் காதுல விழுது."

"விழட்டும். அவரு வயிறு அவருக்குத் தெரியாதா? அதிசயப்படுதவன் கையத் தூக்கட்டும்."

ஒரு கையும் எழவில்லை. சின்ன மச்சினன் பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கதவோரம் நின்ற மதினிதான் வாய் திறந்தாள்.

"எனக்கு அதிசயமா இருக்காது கொழுந்தனாரே. ஆனா அதுவரைக்கும் இவுக இப்படிக் கத்தக் கூடாது."

கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஏலே, காரத் திருப்பி அனுப்பு. மொதல்ல இந்த அரைஞாணக் கழத்தச் சொல்லு. இடுப்ப அறுக்கு."

காரை அனுப்பியது நான். பஜார் டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்ததும் நான்தான். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி வலி இல்லாம வச்சிக்கிடுததுதான் வைத்தியம்" என்று தினமும் வந்து ஊசி போட்டார். அரைஞாண் பதிந்த சிவப்புத் தடத்தில் மதினி தேங்காயெண்ணெய் தடவினாள். அண்ணன் மத்தியானங்களில் தூங்கினார். விழித்தால், பக்கத்திலிருந்த என் தறிக்கூடத்துக்குக் காது கொடுத்து, "கடைசித் தறிச் சத்தம் சரியில்லலே, போய்ப் பாரு" என்பார்.

ஆடித்தபசுக்கு முன்பே போய்விட்டார். ஒரு கத்தலும் இல்லை.

துஷ்டி கேட்க வந்தவர்களிடம் வாத்தியார் என்னைக் கைகாட்டினான்: "மெட்ராஸுக்குக் கொண்டுபோக மச்சான் விடல. விட்டிருந்தா பிழைச்சிருப்பாரு."

"ஆமா வே, நாந்தான் விடல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். குறுக்கிய அரைஞாணை எடுத்துவந்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் தொந்திக்கு அது பாதிகூட எட்டாது.