அம்மா ஒன்றரை அங்குலம் வளர்ந்த கதை

எனக்குப் பத்து வயது நடந்தபோது என் அம்மா ஆறு வாரத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாள். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் வீடு. அதில் மளிகைச் சாமான் வைக்கும் பான்ட்ரி கதவின் உட்புறத்தில் என் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். ஒருநாள் விளையாட்டாக அம்மாவையும் நிறுத்தி, நாற்காலியில் ஏறி ஒரு கோடு போட்டேன். ஆறு வாரம் கழித்து மறுபடி போட்டால், கோடு மேலே போயிருந்தது. இடையில் அம்மாவின் வாழ்க்கையில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: பௌலிங் பயிற்சிக்குப் போனாள். ஆகவே பௌலிங் போட்டால் ஆட்கள் வளர்வார்கள் என்று முடிவுகட்டினேன். வகுப்புப் புகைப்படத்தில் வருஷா வருஷம் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அலுத்துப்போனவளுக்கு இது லேசான கண்டுபிடிப்பா? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பையன்கள் அதை நம்பி வீட்டில் அடம்பிடித்ததாகக் கேள்வி.

பௌலிங் என்றால் கிரிக்கெட் இல்லை. கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். இந்த வித்தியாசத்தை அப்பா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து போட்டவர். அலுவலகத்தார் குடும்பத்தோடு முதல்முறை பௌலிங் அரங்கத்துக்குப் போனபோது, ஆறு கிலோ பந்தைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். தாண்டக்கூடாத கோட்டைத் தாண்டி, எண்ணெய் பூசிய பலகையில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே பந்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனார். பஸ்ஸர் அலறியது. எழுந்து வந்தவர் தரை சரியில்லை என்றார்.

அம்மாவின் ஆட்டம் அதைவிடச் சுருக்கம். அங்கே வாடகைக்குத் தந்த ஷூவைப் பார்த்து, கண்டவர்கள் காலில் போட்டது என்று முகம் சுளித்து, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு அதற்குள் காலை நுழைத்தாள். பந்து கைக்கு வந்ததும் புதுப் புத்தகத்தை ஒற்றிக்கொள்வதுபோலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலையைத் தொங்கப்போட்டபடி நடந்துபோய்ப் பந்தை விட்டாள். பந்து உருளவில்லை, விழுந்தது. மரத்திலிருந்து தேங்காய் விழுந்த சத்தம். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வந்து உட்கார்ந்தவள்தான், வீடு திரும்பும்வரை எல்லோருடைய கைப்பைகளுக்கும் காவல் இருந்தாள்.

எனக்கோ அந்த இடம் பிடித்துப்போயிற்று. நச்சரித்தேன். சனிக்கிழமை காலைகளில் பெற்றோரில் ஒருவரும் பிள்ளையுமாகச் சேர்ந்து கற்கும் ஆறு வார வகுப்பு ஒன்று இருந்தது. முடிவில் ஒரு போட்டி. அப்பா தன் பெயரையும் என் பெயரையும் பதிந்தார். பதிந்த வாரமே அவர் அலுவலகத்தில் புது மென்பொருள் வெளியிடும் சமயம் வந்து, சனி ஞாயிறு இரண்டும் பறிபோயின. வேறு வழியில்லாமல் அம்மா வந்தாள்.

"அப்பாவுக்கு லீவு கெடைக்கற வரைக்கும் நான் சும்மா கூட நிக்கறேன் சாமி," என்றாள் காரில் என்னிடம். அந்த வயதில் நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ரகம். சும்மா நிற்க விடமாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தேன்.

பயிற்சி கொடுத்தவள் ஒரு கல்லூரி மாணவி. இருபத்திரண்டு வயது இருக்கலாம். அம்மாவின் தோளுக்குத்தான் வருவாள். டெக்சாஸ் வளர்ப்பு, அதனால் வார்த்தைக்கு வார்த்தை 'மேம்' என்பாள். அம்மா அவளைக் 'கண்ணு' என்பாள். முதல் நாளே அம்மா பந்தைக் கண்ணில் ஒற்றுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எல்லோரையும் கூப்பிட்டாள். பந்தை வீசுமுன் ஒரு நொடி நின்று மனதை ஒருமுகப்படுத்த இந்த அம்மாள் எவ்வளவு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார் பாருங்கள், நீங்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அடுத்த வாரம் தொப்பி போட்ட ஒரு தாத்தா பந்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா எதையும் திருத்தவில்லை.

ஆனால் மற்றதையெல்லாம் அந்தப் பெண் திருத்தினாள். கைபேசியில் அம்மாவைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினாள். பந்தை விடும்போது அம்மாவின் கால்கள் மரக்கட்டையாக நின்றன. கழுத்தும் முதுகும் மட்டும் வளைந்தன. கண் தன் ஷூ நுனியில் இருந்தது. பந்து முழங்கால் உயரத்திலிருந்து விழாமல் என்ன செய்யும்? வளைய வேண்டியது முழங்கால், கழுத்து இல்லை என்றாள் அவள். இடுப்பிலிருந்து உச்சந்தலைவரை ஒரே கோடாக முன்னால் சாய வேண்டும், தோள் அகன்றிருக்க வேண்டும், முகவாய் நிமிர்ந்திருக்க வேண்டும், கண் கோட்டுக்கு அப்பால் பலகையில் இருக்கும் அம்புக்குறியில் நிற்க வேண்டும். பந்தைக் கையால் தள்ளவே கூடாது. தோளிலிருந்து ஊஞ்சல் மாதிரி போய் வரவிட்டால் போதும்.

அம்மா தலையாட்டினாள். மறுபடி கழுத்தைத்தான் வளைத்தாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரியவந்தது, அம்மா சொல்லி. அம்மா ஐந்தடி ஒன்பது அங்குலம். அப்பா ஐந்தடி ஆறு. கல்யாண மேடையில் புகைப்படக்காரர் வந்து நின்றதும், அப்பாவின் பெரியத்தை ஒருத்தர் அம்மாவின் காதோரம் வந்து, கொஞ்சம் முட்டியை மடக்கி, தோளை இறக்கி நிற்கச் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களாம். அம்மா இறக்கினாள். அந்தப் புகைப்படக்காரர் போய்விட்டார். தோள் மேலே வரவில்லை. குதிகால் வைத்த செருப்பு வாங்கியதில்லை, கொண்டையை உயர்த்திப் போட்டதில்லை, படிக்கட்டில் நின்றால் ஒரு படி கீழே. அப்பா ஒருநாளும் அவளைக் குனியச் சொன்னதில்லை. நிமிரச் சொன்னதும் இல்லை. எனக்கோ அம்மாவின் உருவமே அதுதான் என்று எண்ணம்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். நீளமான கைக்கு நீளமான ஊஞ்சல், அதனால் பந்து தானாகவே வேகம் எடுக்கும். மற்றவர்கள் தசையை முறுக்கி வாங்குகிற வேகம் உங்களுக்கு உயரத்திலேயே இருக்கிறது, மேம். இந்த உயரம் எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன் என்றாள். சொல்லிவிட்டு அம்மாவை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

அம்மா காரை ஃப்ரீவேயில் ஏற்றினாள். பிறகு, "அந்தப் புள்ள நெசமாத்தான் சொல்லுதா, இல்ல கிண்டல் பண்ணுதா?" என்று என்னைக் கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே ஃப்ரீவேயில் நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு, இரண்டு மைல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பள்ளிவிட்டு வந்தால், வலது கையில் முழுப் பால் கேனோடு அம்மா வரவேற்பறையின் மரத்தரையில் நடந்துகொண்டிருப்பாள். நான்கே அடி. மூன்றாவது அடியில் கேன் பின்னால் போகும், நான்காவதில் சாக்ஸ் போட்ட இடது கால் சறுக்கி நிற்கும், முழங்கால் மடங்கும், வலது கால் பின்னால் குறுக்கே நீளும். அப்படியே அசையாமல் நிற்க வேண்டும், கட்டைகள் விழுகிற சத்தம் கேட்கும்வரை. எங்கள் வீட்டில் கட்டை இல்லாததால் நான் வாயால் சத்தம் கொடுப்பேன். வேண்டுமென்றே தாமதிப்பேன். அம்மா நடுங்கிக்கொண்டே நிற்பாள், ஆனால் நிற்பாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் குதிகால், முதுகு, தலை மூன்றும் படும்படி சாய்ந்து நிற்பாள். இருமுறை விலகும்போது துப்பட்டா கைப்பிடியில் மாட்டி, ஃபிரிட்ஜ் திறந்து எச்சரிக்கை மணி அடித்தது. என் அம்மாவைப்போல வீட்டுப்பாடம் செய்த ஒரு மாணவியை நான் அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

ஆறாவது வாரம் பந்து விழும் சத்தம் அடியோடு நின்றுபோயிற்று. பலகையோடு பேசிக்கொண்டு போவதுபோல ஒரு மெல்லிய உறுமல், அவ்வளவுதான். அன்று மாலை நான் பான்ட்ரி கதவில் இரண்டாவது கோடு போட்டேன்.

போட்டியன்று அப்பாவுக்கு விடுமுறை கிடைத்துவிட்டது. தன் அளவு ஷூவை வாங்கிக்கொண்டு வந்து உற்சாகமாகக் கயிறு கட்டத் தொடங்கினார். அம்மா இவ்வளவு தேறியது அவருக்குத் தெரியாது, சனிக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இல்லை. பட்டியலிலும் அவர் பெயர்தான் இருந்தது. யார் ஆடப்போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்ட கணமே அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"நீங்களே போடுங்க. நான் சும்மா தொணைக்கு வந்தவதான்," என்றாள் அப்பாவிடம்.

ஆறு வாரம், எத்தனை கேன் பால்! எனக்குக் கோப்பை வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. "அம்மா இஸ் வே பெட்டர் தன் யூ, அப்பா," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுக் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்.

அவர் எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்ததுதான் வினையாயிற்று. அம்மா முதல் பந்தை எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், ஒருதரம் பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். டம். அதே தேங்காய். பந்து ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. கழுத்து வளைந்திருந்தது, கண் ஷூ நுனிக்கு வந்திருந்தது. ஆறு வாரமும் நடக்கவே இல்லை என்பதுபோல் இருந்தது. அந்தப் பெண் தூரத்திலிருந்து தன் முகவாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்று சுற்றுக்குள் கடைசி இடத்துக்குப் போய்விட்டோம். அப்பா பார்க்கிறபோது அம்மாவால் நிமிர முடியவில்லை என்பது எனக்குப் புரிந்ததா என்றால், இல்லை. அப்பா ராசியில்லாதவர் என்று புரிந்தது. எனக்கு ஃப்ரைஸ் வேண்டும், இப்போதே வேண்டும் என்று அவரை விரட்டினேன். அங்கே வரிசை நீளமென்று முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

அப்பா போனதும் அம்மா மூச்சை இழுத்து விட்டாள். நான்கு அடி நடந்தாள். முழங்கால் மடங்கியது, முதுகு நேராகச் சாய்ந்தது, கை ஊஞ்சலாகப் போய் வந்தது. பத்துக் கட்டையும் சரிந்தன. அம்மா அப்படியே நின்றாள். அதற்கடுத்த சுற்றுகளில் என் பங்குக்கு நானும் ஏதோ உருட்டினேன், ஆனால் அன்றைய ஆட்டம் அம்மாவுடையது. பக்கத்துப் பாதைக்காரர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். தொப்பித் தாத்தா கை தட்டினார்.

கடைசிச் சுற்றில் அம்மாவின் முதல் பந்து ஒன்பதைச் சாய்த்தது. வலது மூலையில் ஒன்று மட்டும் நின்றது. வலக்கைக்காரர்களுக்கு அதுதான் மோசமான கட்டை. அதை வீழ்த்தினால் கோப்பை உண்டு. அம்மா பந்து வரக் காத்துக்கொண்டு திரும்பினாள். அப்பா ஃப்ரைஸ் தட்டோடு படியருகில் நின்றிருந்தார். எப்போது வந்தார், எத்தனை சுற்றைப் பார்த்தார் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பந்தை எடுத்து இடது ஓரத்துக்குப் போனாள். இந்தமுறை திரும்பிப் பார்க்கவில்லை. கண் அம்புக்குறியில் இருந்தது. பந்து குறுக்கே, அவசரமில்லாமல் போயிற்று. அம்மா ஒற்றைக் காலில் நின்றாள், தோள் அகன்று, தலை நிமிர்ந்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு பெரிய பெண்பிள்ளையாக. அவ்வளவு அழகாக என் அம்மாவை நான் பார்த்ததில்லை. கட்டை விழுந்தது. அதற்கப்புறமும் சற்று நேரம் அவள் காலை இறக்கவில்லை.

இரண்டாம் பரிசு. கையடக்கமான பிளாஸ்டிக் கோப்பை. அந்தப் பெண் எங்கள் மூவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுக்கத் தன் கைபேசியை உயர்த்தினாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றதுமே அம்மாவின் ஒரு முட்டி தானாக மடங்கியது, தோள் இறங்கியது.

அப்பா கைபேசியைப் பார்த்தபடியே, "எதுக்குப் புள்ள குனியற? நேரா நில்லு," என்றார்.

வீட்டுப்பாடம் எழுதும்போது அப்பா என் தலையில் தட்டி, நேராக உட்கார் என்று அதட்டுவாரே, அதே குரல். அம்மா ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அப்பாவின் தலை அவள் காதளவுக்கு வந்தது. அம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்ததை நான் பார்த்துவிட்டேன். இத்தனை நன்றாக ஆடிய அம்மாவை, அந்தப் பெண்ணின் முன்னால், அத்தனை பேர் நடுவில் அப்பா திட்டி அழவைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஃப்ரைஸைத் தொடவில்லை.

காரில் பின்னால் உட்கார்ந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில், அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் அப்பா என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கேட்டுட்டேன் சாமி," என்றார்.

நான் அவர்கள் நடுவிலேயே நின்றிருந்தவள். அவர் கேட்கவே இல்லை. அப்பா இப்படிப் பச்சையாகப் பொய் சொல்வாரா என்று திகைத்து, வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.