சுமலதா திரும்பி வரமாட்டாள்

மாரண்டஹள்ளி வெண்மதி செல்போனில் தொடர்கதை எழுதுகிறவள். கணவன் மாதவராஜ் ஓசூருக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறான். அவன் கிளம்பி, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஓர் அத்தியாயம் எழுதிக் கதைச் செயலியில் ஏற்றிவிடுவாள். படிக்கப் பெரிய கூட்டமே இருந்தது.

எல்லாம் ஒரே கதைதான். பெரிய பணக்காரன், மூக்குமேல் கோபம். ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்தில் கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான். அவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போவாள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வரும், அவன் வந்து நெற்றியில் ஈரத்துணி போடுவான், காதல் பொங்கிவிடும். வெண்மதி மட்டுமா? செயலியில் எழுதுகிற அத்தனை பேரும் இந்த ஒரே மாவைத்தான் தோசையாகவும் பணியாரமாகவும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெயரை மாற்றினால் புதுக்கதை. எழுத எழுத அவளுக்கே குமட்டியது.

அதனால் இந்த முறை பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை செய்யும் சுமலதா என்ற பெண்ணைப் பற்றி எழுதினாள். கணவன் அறைந்ததும் சுமலதா பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். போனவள் போனவள்தான். அதை ஒரே ஒரு ஆளாவது நம்ப வேண்டும். வெண்மதிக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

யார் நம்பினார்கள்? ‘சூப்பர் அக்கா, ஹீரோ எப்ப கூப்பிட வருவார்?’ என்று கேள்விகள் குவிந்தன. சுமலதா மண்டியில் சொந்தமாகக் கடை போட்டாள். ‘அந்த மண்டியையே ஹீரோ ரகசியமா வாங்கியிருப்பார்தானே?’ என்றார்கள். வெண்மதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆத்திரத்தில் ஒருநாள் அந்தக் கணவனைத் தொப்பூர் கணவாய்க்குக் கொண்டுபோய், இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிக்கு அடியில் தள்ளி, முற்றும் போட்டுவிட்டாள்.

லாரி விபத்துக்குப் பேர்போன தொப்பூர் என்றால் தர்மபுரிக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். ‘அவருக்கு நினைவு தப்பிடுச்சா அக்கா? பாகம் இரண்டு எப்போ?’ என்று கேட்டார்கள்.

சரி, அவர்கள்தான் வெளியூர். பக்கத்து வீட்டுக் கோகிலாவுக்கு என்ன வந்தது? வெண்மதி எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு போய்ப் போய்த் திரும்பி வந்தவள். துணி காயப்போட்டுக்கொண்டே அவளும் கேட்டாள்.

“ஹீரோ எந்த ஆஸ்பத்திரியிலங்க்கா இருக்காரு?”

“தொப்பூர்ல லாரி ஏறிப்போச்சு கோகிலா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?”

“பொணத்தைக் காட்டலீங்களே. போன கதையில மலையில இருந்து உருண்டவரு வூட்டுக்கு நடந்தே வந்தாருல்ல? நீங்கதானே எழுதினீங்க?”

வெண்மதிக்குச் சுருக்கென்று தைத்தது. இவர்களுக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்ததில் அவளுக்கும் பங்கு உண்டே. எரிச்சலோடு உள்ளே போய் லாரியை அழித்தாள். கணவனுக்கு உயிர் கொடுத்தாள், ஆளை நன்றாகத் திருத்தவும் செய்தாள். அவன் மண்டி வாசலில் நின்று எல்லார் முன்னாலும் அழுது கூப்பிட்டான். சுமலதா தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நான் வரலீங்க. நீங்க கெளம்புங்க” என்றாள். அவன் போய்விட்டான். அவள் வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் கோகிலா போனும் கையுமாக வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அந்த ஆளுதான் திருந்திட்டாருல்லங்க்கா. அப்பவும் போவமாட்டாளா?”

“போவமாட்டா.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

“அப்ப திரும்பிப் போனவளுங்க எல்லாம் என்னா முட்டாளுங்களா?”

கோகிலாவின் குரல் உடைந்துவிட்டது. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஆசைப்பட்டபடி ஒருத்தி நம்பிவிட்டாள். அது கோகிலாவாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று வெண்மதிக்கு இருந்தது.